மூழ்கிய வயல்களின் மேல் பாய் விரிக்கப் போவது யார்?

பெரும்போகம் தொடங்குவதற்கு முன்னர் கமக்காரர் ஒன்றுகூடுவது நமது நாட்டின் பழைய வழக்கம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, துலிசைப் பழுதுபார்ப்பது யார், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் போதும் என்பவற்றையெல்லாம் பேசி முடித்த பின்னரே ஏர் வயலில் இறங்கும். அந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்த ஆண்டில் விளைச்சலும் ஓரளவுக்கு ஒழுங்காக இருக்கும். கூட்டம் குழம்பினால் போகமும் குழம்பும்.

பாய்மரப் படகோட்டச் சங்கம் ஒன்று புதிய போட்டிக் காலத்துக்கு ஆயத்தமாவதும் இதுபோன்றதே. காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வரும், எந்தப் படகின் அடிப்பலகை வெடித்துள்ளது, எந்தப் பாய் கிழிந்துள்ளது, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது யார் என்று கேட்டுக் கேட்டு, கரையிலேயே பல வாரங்கள் வேலை செய்த பின்னர்தான் முதலாவது படகு தண்ணீரில் இறங்கும்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கென வெளிவரும் ஓர் ஏட்டில் படகோட்டப் போட்டியைப் பற்றி எழுதுவது ஏன் என வாசகர்கள் கேட்கலாம். காணியின்றி, உறுதியின்றி, கூரைத் தகட்டுக்கும் வழியின்றி இருப்பவரிடம் பாய்மரப் படகைப் பற்றிப் பேசுவது கேலியாகவும் தோன்றலாம். ஆயினும் நாம் இதைப் பேச விரும்புவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலருடைய வயல் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அந்தத் தண்ணீரின் மேல் இனிமேல் என்ன நடக்கப் போகிறது, அதில் யாருக்குப் பங்கு உண்டு என்பது விளையாட்டுப் பற்றிய கேள்வி மட்டுமன்று, நீதி பற்றிய கேள்வியுமாகும்.

தண்ணீருக்கு அடியில் கிடப்பது

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் பேராதனையில் மகாவலி கங்கையைக் கடக்கிறார்கள். அதே கங்கை கண்டி நகரைச் சுற்றிப் பொல்கொல்லை அணையைத் தாண்டிக் கிழக்கே சென்று விக்ரோறியா நீர்த்தேக்கத்தில் விழுகிறது. மேற்பக்கத்தில் கம்பளைக்கு அப்பால் அதன் கிளையாறான கொத்மலை ஓயாவை மறித்து மற்றொரு நீர்த்தேக்கம் உள்ளது. முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றுவதெனத் திட்டமிடப்பட்ட மகாவலித் திட்டத்தை 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆறே ஆண்டுகளுக்குள் முடிப்பதென அரசு தீர்மானித்தது. துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் என்று அதற்குப் பெயர். 122 மீற்றர் உயரமான விக்ரோறியா அணைக்கட்டு பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு, 1985ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்நாட்டுப் பிரதமர் மார்கரெட் தட்சர் அம்மையாரின் முன்னிலையில் திறந்து வைக்கப்பட்டது. 87 மீற்றர் உயரமான கொத்மலை அணைக்கட்டும் அதே ஆண்டில் நிறைவுற்றது.

மின்சாரம் வந்தது. வறண்ட வலயத்துக்குத் தண்ணீர் போனது. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்திருந்த வயல்களும் நீரில் மூழ்கின. கொத்மலைப் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் அவற்றின் விகாரைகளும் மூழ்கின. பல்லாயிரம் குடும்பங்கள் எழுந்து போயின. சிலர் மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்று இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் பெற்றார்கள். மலைநாட்டை விட்டுப் போக மனமில்லாதவர்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் சிறு துண்டுகளைப் பெற்றார்கள். காணி உறுதி கையில் உள்ளவர் தமது இழப்பைக் கணக்கிட்டுக் கேட்க முடிந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, ஓர் அடி நிலமும் தன் பெயரில் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பது? அன்று மலையகத் தமிழரில் பலருக்குப் பிரஜாவுரிமையும் இருக்கவில்லை. அந்தப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த ஏட்டின் வாசகர் எல்லோரும் அணைக்கட்டால் இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் உள்ளனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் கமக்காரர்கள் உள்ளனர். 1977இலும் 1983இலும் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வன்னியில் காடு வெட்டியவர்கள் உள்ளனர். மண்சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் ஒரே இரவில் இழந்தவர்கள் உள்ளனர். காரணங்கள் வேறு வேறாயினும் அனுபவம் ஒன்றே. தான் விட்டு வந்த இடத்தில் மற்றொருவர் வந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதே அந்த அனுபவம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் அரசன் எடுத்துக்கொண்ட கதை வேதாகமத்தில் ஏன் எழுதப்பட்டது என்பதை இவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வேறு நாடுகளில் நடந்தது

அணை கட்டி முடிந்து சில ஆண்டுகள் சென்றதும் நீர்த்தேக்கம் அழகிய ஏரியாக மாறிவிடும். அதன் பின்னர் விடுதிகள் வரும், படகுகள் வரும், விளையாட்டு வரும். உலகெங்கும் இது நடந்துள்ளது. இங்கிலாந்தின் றட்லண்ட் நீர்த்தேக்கம் 1970களில் நிரப்பப்பட்டபோது நெதர் ஹம்பிள்டன் என்ற சிற்றூர் மறைந்தது. இன்று அங்கு பெரியதொரு பாய்மரப் படகோட்டச் சங்கம் இயங்குகிறது. நீருக்குள் பாதி நிற்கும் நோர்மண்டன் ஆலயத்தை உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள்.

வேல்ஸ் நாட்டில் திரெவெரின் பள்ளத்தாக்கின் கதை இன்னும் வேதனையானது. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக 1965ஆம் ஆண்டு காப்பல் கெலின் என்ற சிற்றூர் மூழ்கடிக்கப்பட்டது. அதன் தேவாலயமும், பாடசாலையும், தபாற்கந்தோரும், பண்ணைகளும் மூழ்கின. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். வேல்ஸ் மக்கள் பெருமளவில் எதிர்த்தும் பயனில்லை. லிவர்பூல் மாநகரசபை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2005ஆம் ஆண்டில், அதாவது நாற்பது ஆண்டுகள் கழித்து. அந்த அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரில் இன்று படகு விளையாட்டு நிலையம் ஒன்று நடைபெறுகிறது. அங்கு வந்து மகிழ்வோரில் எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு சபை வழிபட்ட ஆலயம் இருந்தது தெரியும்?

விளையாட்டில் நாம் குறை காணவில்லை. ஊரை இழந்தவன் கரையில் நின்று பார்க்க, இழப்பு எதுவும் இல்லாதவன் மட்டும் படகில் போவதே நமக்குக் குறையாகப் படுகிறது. நமது நாட்டு நீர்த்தேக்கங்களிலும் இது நடந்துவிடக் கூடாது. சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் யாராவது படகுத்துறை அமைக்கும்வரை காத்திருந்து பின்னர் வருந்துவதிலும், பங்கு எது என்பதை இப்போதே பேசிக்கொள்வது மேல்.

பணக்காரர் விளையாட்டா?

பாய்மரப் படகோட்டம் துரைமார் விளையாட்டாக நம் நாடுகளுக்கு வந்ததென்பது உண்மையே. சென்னையில் 1911ஆம் ஆண்டு றோயல் மெட்ராஸ் யொட் சங்கத்தைத் தொடங்கியவர் துறைமுகப் பொறுப்பிலிருந்த சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர். அக்காலத்தில் அவ்வாறான சங்கங்களில் நம்மவருக்குக் கிடைத்தது கயிறு பிடிக்கும் வேலைதான்.

ஆனால் இந்த விளையாட்டைச் சாதாரண மக்களிடம் கொண்டுவர முயன்றவர்களும் இருந்தார்கள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர், எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை இரண்டைக் கொண்டு ஒரு தகப்பனும் பிள்ளையும் வீட்டிலேயே செய்யக்கூடிய சிறு படகொன்றை வரைந்தார். ஒப்டிமிஸ்ட் எனப்படும் அந்தப் பெட்டி போன்ற படகில்தான் இன்று உலகமெங்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓட்டப் பழகுகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டெய்லி மிரர் பத்திரிகை, தொழிலாளர் குடும்பங்களும் வாங்கக் கூடியதாகச் சுமார் 63 பவுணுக்கு ஒரு படகின் பலகைத் துண்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்றது. பலகைகளைக் கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டி, வீட்டு முற்றத்திலேயே படகு கட்டினார்கள். இவ்வகைப் படகுகள் 70,000க்கு மேல் கட்டப்பட்டன.

இந்தியாவில் நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணங்கள் உள்ளன. ஹைதராபாத் நகரின் ஹுசைன் சாகர், குதுப் ஷாஹி அரசர் காலத்தில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஏரி. 2009ஆம் ஆண்டு சுஹேம் ஷேக் என்பவர் தொடங்கிய ஹைதராபாத் யொட் சங்கம், வறிய குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து அந்த ஏரியில் படகோட்டப் பழக்குகிறது. மழைக்காற்று வீசும் ஜூலை மாதத்தில் அங்கு நடைபெறும் போட்டிக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள்.

கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபால் நகரில், போஜ ராஜன் 11ஆம் நூற்றாண்டில் அணை கட்டி உண்டாக்கிய பெரிய ஏரி இருக்கிறது. அங்குள்ள படகோட்டப் பாடசாலையில் பயின்ற நேகா தாக்கூர் என்ற பெண் பிள்ளை, 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் தேவாஸ் மாவட்டத்துக் கிராமமொன்றில் ஒரு விவசாயியின் மகள். அதே விழாவில் வெண்கலம் பெற்ற விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்த தமிழர். கமக்காரனின் மகளுக்கு இந்த விளையாட்டு எட்டாது என்று இனிமேல் எவரும் சொல்ல முடியாது. ஏரி அருகில் இருக்க வேண்டும், படகு பொதுவில் இருக்க வேண்டும், பழக்க ஆள் வேண்டும். இம்மூன்றும் அமைந்த இடத்தில் அந்தப் பிள்ளை வென்றார்.

நமக்குப் புதியதன்று

காற்றைப் படிப்பது தமிழருக்குப் புதிய கல்வியன்று. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. கடலோடியும் கமக்காரனும் ஒரே பெயர்களையே வழங்கினார்கள். சோளகம் எழும்பினால் ஒருவர் பாயைப் பார்த்தார், மற்றவர் சூடு தூற்ற முறத்தை எடுத்தார். வல்வெட்டித்துறையில் நமது தச்சர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

கமத்தொழிலையும் படகோட்டத்தையும் ஒருசேர நேசித்த ஒருவர் நமது நாட்டிலேயே இருந்தார். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924 - 2010) 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகோட்டினார். நம் கமக்காரர் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்று அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவரும் அவரே. பிற்காலத்தில் அவர் இயந்திர உழவையே கேள்விக்குட்படுத்தினார். வெப்ப வலய மண்ணைப் புரட்டிப் புரட்டி மழைக்குக் கொடுப்பதிலும், கிளிசரிடியா தழையால் மூடிக் காப்பதே மேல் என்று ஊரூராகச் சொன்னார். காற்றை எதிர்த்து நேரே போக முடியாது, அதைப் பயன்படுத்தியே முன்னேற வேண்டும் என்பதைப் படகோட்டி அறிவான். மண்ணையும் மழையையும் பற்றி அவர் சொன்னதும் அதைப் போன்றதே என நாம் எண்ணுகிறோம்.

கரையில் செய்ய வேண்டிய வேலை

ஆகவே, நீர்த்தேக்கக் கரைகளிலும் களப்புக் கரைகளிலும் வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தமது பிள்ளைகளுக்கெனப் பொதுப் படகுச் சங்கமொன்றை ஆரம்பிப்பதாயின், போட்டிக் காலத்துக்கு முன்னர் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது நீச்சல். பவுல் அப்போஸ்தலர் சென்ற கப்பல் மெலித்தா தீவருகே உடைந்தபோது அதிலிருந்த 276 பேரும் கரை சேர்ந்தனர் என வேதாகமம் கணக்குச் சொல்கிறது. நீந்தத் தெரிந்தவர் நீந்தினார்கள், மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டார்கள். நமது நாட்டில் நடப்பது வேறு. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். மலைநாட்டிலிருந்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் ஆழமான கால்வாய்களின் கரையில் வளர்கிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைக்குப் படகு இல்லை, உயிர்காப்பு அங்கி இல்லாமல் எவருக்கும் படகு இல்லை என்ற இரண்டு விதிகளையும் சங்கத்தின் முதலாவது கூட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். வெள்ளம் வரும்போது தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை.

இரண்டாவது, நீரைப் பற்றிய அறிவு. மலைகளுக்கிடையே உள்ள நீர்த்தேக்கத்தில் காற்று ஒரே சீராக வீசாது. ஒரு மடிப்பில் அமைதியாக இருக்கும், அடுத்த மடிப்பில் திடீரெனப் படகைச் சாய்த்துவிடும். வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய தெல்தெனிய நகரின் சிதைவுகள் வெளியே தெரிவதை அப்பகுதி மக்கள் அறிவார்கள். சற்று உயர்ந்து நிற்கும் நீருக்கடியில் அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் படகுக்குப் பெரும் ஆபத்து. எந்த இடத்தில் பாலம் இருந்தது, எந்த இடத்தில் சந்தைக் கட்டடம் இருந்தது, எங்கே பெரிய பலாமரம் நின்றது என்று சொல்லக் கூடியவர்கள் யார்? அங்கு வாழ்ந்த முதியவர்களே. மூழ்கிய ஊரின் வரைபடம் அவர்களுடைய நினைவில் உள்ளது. அவர்கள் உயிரோடிருக்கும்போதே பேரப்பிள்ளைகள் அருகிலிருந்து அதை வரைந்துகொள்ள வேண்டும். படகுக்கு வழி காட்டும் அதே படம், ஊர் ஒன்று இருந்ததற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

மூன்றாவது, அனுமதி. விக்ரோறியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பகுதி 1987ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகும். மகாவலி அதிகாரசபையையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேளாமல் அங்கு எதுவும் செய்ய இயலாது. அணைக்கட்டை அண்டிய நீர்ப்பரப்பில் படகு போகவும் கூடாது. இவற்றை மதித்து, எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் பெறுவதே முறை. ஆனால் ஒன்றை அதிகாரிகளிடம் தெளிவாகக் கேட்கலாம். நாளை ஒரு விடுதிக்குப் படகுத்துறை வழங்கப்படுமானால், காணியை இழந்தவர்களின் சங்கத்துக்கும் அதே கரையில் இடம் வழங்கப்படுமா?

நான்காவது, படகு யாருடையது என்பது. இதில் நாம் கண்ட பாடம் கசப்பானது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர் உதவி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சிறு படகுகளை வழங்கின. சில கரைகளில் தேவைக்கு மேற்பட்ட படகுகள் சேர்ந்தன. தரமற்றவையாகக் கடலுக்கு உதவாமல் கிடந்தவையும் பல. வழங்கிய நாளில் படம் எடுத்தார்கள், பழுதுபார்க்கும் நாளில் எவரும் வரவில்லை. ஆகையால் வெளியிலிருந்து பத்துப் படகுகளைக் கேட்டு எழுதுவதைக் காட்டிலும், இரண்டு படகுகளைத் தாமே கட்டுவது நல்லது. ஊரிலுள்ள தச்சரை அழைத்து, பிள்ளைகளும் கூட நின்று கட்டினால், உடையும்போது திருத்தத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். குளக்கட்டுக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கு வேலையைச் செய்ததுபோல், படகுக்கும் ஒவ்வொரு வீடும் சில மணித்தியாலங்கள் வேலை தர வேண்டும். வேலை தராத வீட்டுக்குப் படகில் முதலிடம் இல்லை என்ற விதி எல்லோருக்கும், சங்கத் தலைவரின் வீட்டுக்கும், பொருந்த வேண்டும்.

விதியும் மனச்சாட்சியும்

பாய்மரப் படகோட்டப் போட்டியில் நமக்குப் பிடித்த ஓர் அம்சத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் படகுகளின் நடுவே ஊதுகுழலுடன் மத்தியஸ்தர் எவரும் செல்வதில்லை. இரு படகுகள் சந்திக்கும்போது எது வழிவிட வேண்டும் என்று விதி உண்டு. வலப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து பெறும் படகு வழிவிட வேண்டும். விதியை மீறியவர், மற்றவர் சுட்டிக்காட்டுவதற்கு முன்பே கூட, தானாகவே தன் படகை இரண்டு முறை முழு வட்டமாகச் சுழற்றித் தண்டனையை ஏற்றுக்கொண்டு, பின்னர் ஓட்டத்தைத் தொடர வேண்டும். பிறர் காணாவிட்டாலும் தன் தவறுக்குத் தானே தண்டனை ஏற்கும் பழக்கம் நமது சங்கங்களிலும், கூட்டுறவுக் கடைகளிலும், ஏன், நமது சபைகளிலும் இருக்குமாயின் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மற்றொரு விதி, ஆபத்திலுள்ளவருக்கு ஒவ்வொரு போட்டியாளரும் உதவியே தீர வேண்டும் என்பது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் படகோட்டப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. செப்ரெம்பர் 24ஆம் திகதி காற்று கடுமையாக வீசியது. கனடாவைச் சேர்ந்த லோரன்ஸ் லெமியூ தனது ஓட்டத்தில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். வேறொரு போட்டியில் இருந்த சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்து அவர்கள் நீரில் தத்தளிப்பதைக் கண்டார். ஓட்டத்தை விட்டுத் திரும்பிச் சென்று இருவரையும் காப்பாற்றினார். அவர் பதக்கம் பெறவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே நடுவர் குழு வழங்கியது. அவருடைய செயலைப் பாராட்டி ஒலிம்பிக் குழு தனி விருதும் அளித்தது. நல்ல சமாரியனின் உவமையை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் இக்கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

இவ்வாறான விதிகளோடு ஒரே படகில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் ஏறினால் என்ன நடக்கும்? ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் பாய்க்கயிற்றைப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே பக்கத்தில் சாய வேண்டும். சமாதானம் பற்றிய கருத்தரங்குகள் பலவற்றில் மூன்று மொழிகளிலும் பேசியும் வராத நம்பிக்கை, படகு சாயும் கணத்தில் வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் பேச்சில்லாமலே பிறர் கையை நம்பப் பழகும் இடம் அது. 1963ஆம் ஆண்டு முதல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியில் சிங்கள, தமிழ் மாணவர் ஒரே வளாகத்தில் ஒன்றாக வாழ்ந்து படித்து வருகிறார்கள். ஒன்றாக வாழ்வது பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதற்கு அதுவும் சாட்சி.

காணிக்குப் பதிலாகப் படகு அன்று

இங்கே கடுமையான ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். காணி கேட்டவனுக்கு விளையாட்டு மைதானத்தைக் காட்டுவது அதிகாரத்தின் பழைய தந்திரம். இழப்பீடு முழுமையாகக் கிடைக்காதவர், இன்னமும் உறுதி வழங்கப்படாதவர், தம் நிலத்துக்குத் திரும்ப முடியாதவர் ஆகியோரின் கோரிக்கைகளுக்குப் படகுச் சங்கம் பதிலாகாது. மயிலிட்டித் துறைமுகம் 2017ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு நின்ற மக்களின் விடாமுயற்சியே அதன் பின்னால் இருந்தது. அந்த விடாமுயற்சியை எந்த விளையாட்டும் தணித்துவிடக் கூடாது. கோரிக்கைக் கோவை ஒரு கையிலும் பாய்க்கயிறு மறு கையிலும் இருக்கட்டும்.

பசித்தவனுக்கு விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அரிசியும் கொப்பியும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தப் பிள்ளை எப்போதும் வரிசையில் நிற்கப் பழகிவிடுகிறது. நிவாரணத்துக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. தான் முடிவெடுத்து, அந்த முடிவின் பலனைத் தானே உடனே காணும் வாய்ப்பு அதற்கு எங்கே கிடைக்கிறது? ஏறக்குறைய எட்டடி நீளமுள்ள சிறு படகில் சுக்கானைப் பிடிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. எந்தப் படகாலும் காற்றுக்கு நேரெதிரே போக முடியாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை விலகி ஒரு பக்கமாகச் சென்று, திரும்பி, மறுபக்கமாகச் சென்று, இப்படி வளைந்து வளைந்தே காற்று வரும் திசையை அடைய வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வழி தவறிப் போவதுபோல் தோன்றும். படகிலுள்ள பிள்ளைக்கு மட்டும் தான் முன்னேறுகிறேன் என்பது தெரியும்.

ஆகவே நாம் மூன்று தரப்பினரை வேண்டிக்கொள்கிறோம்.

அதிகாரிகளிடம்: நீர்த்தேக்கக் கரைகளில் விளையாட்டுக்கோ சுற்றுலாவுக்கோ இடம் ஒதுக்கும் எத்திட்டத்திலும், அந்த நீரால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் சங்கங்களுக்கு முதலில் கேட்கும் உரிமை வழங்கப்பட வேண்டும். உறுதி இல்லாத காரணத்தால் அன்று கணக்கில் வராத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் அடங்க வேண்டும்.

திருச்சபைகளிடம்: கட்டடங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பிள்ளைகளின் நீச்சல் பயிற்சிக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கும் ஒதுக்குவீர்களாக. கலிலேயாக் கடலில் படகேறிப் போன ஆண்டவரைப் பின்பற்றும் சபைக்கு நீரும் படகும் அந்நியமானவை அல்ல.

குடும்பங்களிடம்: உங்கள் பிள்ளைகளை நீருக்குப் பயந்தவர்களாக வளர்க்காதீர்கள். அந்த நீர் உங்கள் நிலத்தை மூடியது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். எந்த வரம்பு எங்கே இருந்தது என்று காட்டுங்கள். பின்னர் நீந்தப் பழக்கி, படகில் ஏற்றி அனுப்புங்கள். அடுத்த போட்டிக் காலத்தில் அந்த நீரின் மேல் விரியும் பாய்களில் ஒன்றாவது, தன் பாட்டனின் வயல் எங்கே கிடக்கிறது என்று அறிந்த பிள்ளையின் கையில் இருக்கட்டும்.